செம்பு பூசிய ஈயம்

செம்புமுலாம் பூசிய துப்பாக்கிக் குண்டுகளை எந்த நிறுவனத்திடம் வாங்கலாம் என்று கேட்டு, காரைக்குடியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் டெக்சாஸிலிருந்து எழுதியிருந்தான். அங்கே வார இறுதிகளில் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொள்கிறான். பயிற்சிக்கு மட்டும் மாதம் ஆயிரம் தோட்டாக்கள் செலவாகின்றன. முழுத் தோட்டாவாகக் கடையில் வாங்கினால் கட்டுபடியாவதில்லை. ஆகவே சுட்டுமுடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, புதிய குண்டு பொருத்தி வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறான். அமெரிக்காவில் அது சட்டம் அனுமதிக்கும் பரவலான பொழுதுபோக்கு. என்னிடம் கேட்டதற்குக் காரணம் எளிது. தார்நாகாவில் என் ஆய்வு நாள்கள் செம்புச் சல்பேட்டுக் கரைசலின் நீலத்தில் கழிகின்றன. துப்பாக்கியை நான் கையால் தொட்டதில்லை. ஈயத்தின்மேல் செம்பு எப்படி உட்காரும் என்பது தெரியும்.

அவனுக்கு நான் எழுதிய பதில் நீண்டுவிட்டது. அதில் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறேன். மின்வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கும் வரலாறு படிக்கும் நண்பர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நம் செய்தித்தாள்கள் தோட்டா, குண்டு இரண்டையும் ஒரே பொருளில் எழுதுகின்றன. இந்தப் பதிவில் தோட்டா என்பது முழுப்பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. குண்டு என்பது குழலிலிருந்து பறந்துபோகும் உலோகத் துண்டு மட்டும். அந்தத் துண்டின் பெரும்பகுதி, சில நூற்றாண்டுகளாகவே, ஈயம்.

ஈயம் கனமானது, மலிவானது, 327 பாகைச் செல்சியஸில் உருகிவிடும். அச்சில் வார்க்கவும் அழுத்தவும் எளிது. குறை ஒன்றுதான்: மிக மென்மையானது. வேகமாகக் குழலுக்குள் ஓடும்போது உட்சுவரில் வெட்டப்பட்ட சுருள்பள்ளங்களில் தன்னைத் தேய்த்து விட்டுச்செல்லும். நாலைந்து நாள் கழுவாத இட்லித் தட்டுபோலக் குழல் ஆகிவிடும். இதைத் தவிர்க்க மனிதர்கள் கண்ட வழிகளில் முக்கியமானவை மூன்று. மெழுகோ கொழுப்போ தடவுவது மிகப் பழையது. அடுத்தது சட்டை மாட்டுவது: செம்பில் 5 அல்லது 10 விழுக்காடு துத்தநாகம் சேர்த்த தகட்டைக் கிண்ணமாக இழுத்து, அதற்குள் ஈயத்தை அழுத்திப் பொருத்துகிறார்கள். மூன்றாவது, என் துறை சார்ந்தது: மின்சாரத்தால் முலாம் பூசுவது. அண்மைக் காலத்தில் பாலிமர் பூச்சும் வந்திருக்கிறது. அது வேறு கதை.

முலாம் பூசும் முறையைக் காண விரும்புகிறவர்கள் பாலாநகர் பக்கம் உள்ள சிறு பட்டறை ஒன்றுக்குப் போனால் போதும். அங்கே பூசுவது குண்டுகளுக்கு அல்ல, திருகாணிக்கும் கைப்பிடிக்கும், வேதியியல் ஒன்றே. சுற்றிலும் துளையிட்ட உருளைக்குள் ஆயிரக்கணக்கான சிறு பொருள்களைக் கொட்டி, கரைசலில் அமிழ்த்தி, மெல்லச் சுழலவிடுவார்கள். பொருள்கள் எதிர்மின்வாய், கரைசலில் தொங்கும் செம்புத் தகடு நேர்மின்வாய். தகடு கரையக் கரையப் பொருளின்மேல் செம்பு படியும். ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களின்மேல் முதல் மென்படலத்தை ஏற்றப் பல இடங்களில் இன்னமும் சயனைடு கலந்த கரைசலையே நம்புகிறார்கள். இந்த ஒரு வரியைப் படித்ததும் பட்டறைத் தொழிலாளியின் கைகளை நினைக்காத வேதியியல் மாணவர் இருந்தால், அவருக்குப் பாடம் சொன்னவர்கள் யோசிக்க வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. 8 கிராம் எடையும் 9 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட குண்டு ஒன்றின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 450 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்குச் செம்பு ஏற்ற வேண்டுமானால் தேவைப்படும் செம்பு 0.4 கிராம். குண்டின் எடையில் இருபதில் ஒரு பங்கு. ஃபாரடேயின் விதிப்படி அதற்கு 1,200 கூலுமுக்குச் சற்று மேல் மின்னூட்டம் வேண்டும். சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் என்ற நிதானமான மின்னடர்த்தியில் அமிலக் கரைசலில் ஓட்டினால், தொட்டியில் அது கிடக்க வேண்டிய நேரம் நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு. அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் பூச்சு சொரசொரப்பாகும். விளிம்பில் தடித்து நடுவில் மெலியும். தடிமனைப் பாதியாகக் குறைத்தால் நேரம் பாதியாகும். வெளியே பார்க்கும் கண்ணுக்கு நிறம் அதே செந்நிறம்.

ஆகவே முலாம் பூசிய பொருளை விற்பவர் உண்மையில் விற்பது தொட்டியில் கழிந்த நேரம். செம்பின் விலை அதில் சிறு பகுதி. வாங்குகிறவனால் அந்த நேரத்தைப் பார்க்க முடியாது. தங்கமுலாம் பூசிய வளையல் வாங்கிய எல்லாரும் இதை அறிவார்கள்.

நண்பன் சில பெயர்களைச் சொல்லியிருந்தான். யூட்டா மாநிலத்துச் செயின்ட் ஜார்ஜில் இருக்கும் பெர்ரீஸ், வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர், தென்னாப்பிரிக்காவின் ஃபிரான்டியர், ஜெர்மனியின் ஹான் முண்டன் நகரத்து ஹெச் அண்ட் என். இவற்றில் எதையும் நான் சோதித்ததில்லை; ஆகவே தரவரிசை போட எனக்கு உரிமை இல்லை. சோதிக்காத ஒன்றுக்கு நற்சான்று தருவதை முனைவர் பட்டத்துக்குப் பிறகு தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் எந்த விற்பவரிடமும் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது. பூச்சின் தடிமனை எழுத்தில் தருகிறாரா? இந்தக் குண்டு எவ்வளவு வேகம்வரை தாங்கும் என்று வரம்பு சொல்கிறாரா? (சாதாரண முலாம் குண்டுகளுக்கு அந்த வரம்பு பெரும்பாலும் நொடிக்கு 380 மீட்டரை ஒட்டி இருக்கும், தடித்த பூச்சுக்கு அதிகம்.) ஒரே பெட்டியில் நூறு குண்டை எடை போட்டால் வேறுபாடு எவ்வளவு? பூசிய பிறகு மறுபடி அச்சில் அழுத்தி அளவு சீர்செய்கிறாரா? மின்முலாம் தருவது ஏறத்தாழத் தூய செம்பு. அது சட்டைத் தகட்டைவிட மென்மையானது. கூட்டின் வாயை அளவுமீறி இறுக்கினால் அந்தத் தோல் அறுபடும். அறுபட்ட தோல் குழலுக்குள் உரிந்தால் குண்டு தடுமாறிப் பறக்கும். தயாரிப்பாளரின் வரம்பை மதிக்காதவன் எந்தத் தயாரிப்பாளரிடம் வாங்கினாலும் ஒன்றுதான். ஒரு குண்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது நல்லது. இரம்பத்தால் அல்ல, வெட்டுக்குறடால். ஏன் இரம்பம் கூடாது என்பது கீழே வருகிறது.

இவ்வளவும் குழலின் நலம். ஆனால் முலாமுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. விளம்பரங்கள் அதைச் சிறிய எழுத்தில்தான் போடுகின்றன. சட்டை மாட்டிய வழக்கமான குண்டில் ஈயம் முழுவதும் மூடப்பட்டிருப்பதில்லை. தகட்டுக் கிண்ணத்தின் திறந்த வாய் குண்டின் அடிப்பகுதியில் வருகிறது; அங்கே ஈயம் வெளியே தெரியும். மருந்து எரிந்து எழும் கொதிக்கும் வாயு நேரே அந்த ஈயத்தின்மேல்தான் மோதுகிறது. அதில் ஒரு பகுதி ஆவியாகி, துகளாகி, சுடுகிறவரின் மூக்குக்கு எட்டும் தொலைவில் மிதக்கிறது. மின்தொட்டியில் கிடந்த குண்டுக்கு மேல் கீழ் என்ற பேதம் இல்லை. கரைசல் தொட்ட இடமெல்லாம் செம்பு படிகிறது. அடிப்பகுதியும் மூடப்படுகிறது. அதைப் பொருத்தும்போது விரலில் ஈயத்தின் சாம்பல் நிறம் ஒட்டுவதில்லை. சுடும்போது மூச்சில் போவதும் குறைகிறது. ஒரு குண்டின் மேற்பூச்சைப் பற்றிய பேச்சில் குழலைவிட முக்கியமானது அதைப் பிடிக்கும் கை என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது இங்கேதான்.

வரலாற்று மாணவர்களுக்கு இந்த வாக்கியம் உடனே ஓர் ஆண்டை நினைவூட்டும். 1857.

அந்தக் கதையைப் பள்ளியில் எல்லாரும் படித்தோம். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற இரண்டு சொற்களோடு பாடம் முடிந்துவிடும். ஆய்வாளனுக்கு அதில் ஒரு கொள்முதல் கோப்பு இருக்கிறது. புதிய என்ஃபீல்டு துப்பாக்கிக்குக் காகிதத் தோட்டா. சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, கொழுப்புத் தடவிய காகிதத்தோடு ஈயக்குண்டை உள்ளே தள்ள வேண்டும். கொழுப்பு எதற்கு? குண்டு இறுக்கமான குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போவதற்கு. அதாவது இன்றைய செம்புமுலாம் செய்யும் வேலையின் ஒரு பகுதியை அன்று கொழுப்பு செய்தது. கல்கத்தாவில் தயாரித்த தோட்டாக்களுக்கு விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சு. கொழுப்பு ஒப்பந்தக்காரர் மூலம் வந்தது. 1857 ஜனவரி 22 அன்று டம்டம் பயிற்சி நிலையத்திலிருந்து லெப்டினன்ட் ரைட், சிப்பாய்களிடையே பரவிவரும் அச்சத்தைப் பற்றி எழுதினார். தளவாடத் துறை விசாரித்தபோது தெரியவந்தது, எந்த விலங்கின் கொழுப்பு என்று உறுதிசெய்ய எவரும் தனிக் கவனம் எடுக்கவில்லை என்பது. பசுக் கொழுப்பு இருந்தது என்று நிறுவவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. வாங்கியவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

ஜனவரி 27 அன்று வந்த ஆணை எனக்கு மிகவும் வியப்பளிப்பது. கொழுப்பில்லாத தோட்டாக்களைத் தருகிறோம். நீங்களே கடைத்தெருவில் உங்களுக்கு உகந்த பொருளை வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்றது. மேற்பூச்சையும் அதை விற்பவரையும் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சிப்பாயின் கையில் கொடுத்தார்கள். பிறகு பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையையே மாற்றினார்கள். பயனில்லை. ஐயம் கொழுப்பிலிருந்து காகிதத்தின் பளபளப்புக்குத் தாவியது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் இலகு குதிரைப் படையின் 85 வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10 அன்று கிளர்ச்சி வெடித்தது. அந்தத் தோட்டாக்களில் தடைசெய்யப்பட்ட கொழுப்பு இல்லை என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஆனால் அந்த வேளையில் அது முக்கியமாக இருக்கவில்லை. தளவாடத் துறை குழலை மட்டும் எண்ணிப் பூச்சைத் தேர்ந்தெடுத்தது. சிப்பாய் தன் வாயை எண்ணினான். இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய இரண்டு முற்றிலும் வேறான கேள்விகள் என்பதை முதலில் உணர்ந்திருக்க வேண்டியவர்கள் உணரவில்லை.

ஐதராபாத்துக்கும் இதில் பங்குண்டு. ஜூலை 17 அன்று துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் தலைமை தாங்கிய கூட்டம் கோட்டியில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்சியைத் தாக்கியது. அந்த மாளிகை இன்று பெண்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிற்கிறது. தார்நாகாவிலிருந்து பேருந்தில் போய்விடலாம். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி கன்ஃபவுண்டரி. நிஜாமின் படையில் இருந்த பிரெஞ்சுக்காரர் ரேமண்ட் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பீரங்கியும் குண்டும் வார்த்த இடம். உள்ளூரில் தோப் கா சாஞ்சா. அந்தப் பட்டறையில் உலோகம் ஊற்றியவர்களின் பெயர் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. ரேமண்டுக்கு மட்டும் கல்லறையும் தூணும் உண்டு.

குண்டின் மேற்பரப்பைப் பற்றிப் பன்னாட்டுச் சட்டமும் பேசியிருக்கிறது என்பதை ஒதுக்கிவிடலாகாது. 1890களின் இறுதியில் அதே டம்டம் தளவாட ஆலையில், மூக்கில் சட்டை இல்லாமல் ஈயம் வெளித்தெரியும் குண்டு உருவானது. உடலில் பட்டதும் விரிவது. 1899இல் ஹேக் மாநாடு, சட்டை முழுவதும் மூடாத, உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. குண்டு பாயும் உடலைப் பற்றி அந்த அறிவிப்பு இருக்கிறது, நியாயமானது. அதைச் செய்த உடல், நிரப்பிய உடல், பிடித்த உடல் என்ற வரிசை எந்த மாநாட்டின் நிகழ்ச்சிநிரலிலும் இடம்பெறவில்லை.

நம் சமையலறையில் அந்தக் கேள்வி எப்போதோ கேட்கப்பட்டுவிட்டது. பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊற்றினால் களிம்பு ஏறும் என்பதால் உட்புறம் ஈயம் பூசினார்கள். 'பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ' என்று தெருவில் கூவிக்கொண்டு துருத்தியோடு வந்தவர்களை என் பாட்டி தலைமுறை நன்கு அறியும். அது வெள்ளீயம், குண்டில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு தனிமங்கள். தமிழ் இரண்டுக்கும் ஈயம் என்ற ஒரே பெயரைக் கொடுத்து, நிறத்தை முன்னொட்டாக வைத்தது. பேச்சில் முன்னொட்டு உதிர்ந்துவிடுகிறது. இந்த உதிர்வில் ஆபத்து இருக்கிறது. கும்பகோணத்து ஈயச்சொம்பில் ரசம் வைத்தால்தான் மணம் என்று வாங்குகிறோம். காரீயம் வெள்ளீயத்தைவிட மலிவு. இரண்டையும் கலந்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பாட்டிகள் ஈயம் பூசுகிறவரை மாற்றாமல் வைத்திருந்ததற்குச் சோம்பல் காரணமல்ல; அவர் கலக்கமாட்டார் என்ற நம்பிக்கை. அங்கே செம்புக் கலவையின்மேல் ஈயம், வாயைக் காக்க. குண்டிலோ ஈயத்தின்மேல் செம்பு. பூச்சுகள் தலைகீழ், கேள்வி ஒன்று.

நண்பனிடம் திரும்பலாம். பதில் எழுதுமுன் அவன் வேலைமேசையின் படத்தைக் கேட்டேன். "மாப்ள, நான் கேட்டது கம்பெனி பேரு. நீ என் வீட்டைப் பத்திக் கேக்குற" என்று சலித்துக்கொண்டே அனுப்பினான். கார் நிறுத்தும் அறை. மேசையில் நிரப்பும் கருவி. பக்கத்தில் அதிரும் தொட்டி ஒன்று. சுட்ட கூடுகளை அக்ரூட் ஓட்டுத் தூளோடு போட்டு மணிக்கணக்கில் குலுக்கிப் பளபளப்பாக்குவது. அதற்கு இரண்டடி தள்ளி துணி துவைக்கும் இயந்திரம். இயந்திரத்தின்மேல் மடித்து வைத்த சின்னச் சட்டைகள். சுவரில் சாய்த்த மூன்று சக்கரச் சைக்கிள்.

அவன் எந்த நிறுவனத்தின் முலாமை வாங்கினாலும் அந்தப் படத்தில் எதுவும் மாறப்போவதில்லை. ஏனென்றால் வழக்கமான பிரைமரிலேயே ஈயம் இருக்கிறது: லெட் ஸ்டிஃப்னேட் என்னும் ஈயச்சேர்மம், தட்டினால் பொறி தருவது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் எச்சம் கூட்டின் உட்புறத்தில் படிகிறது. கூடுகளைத் தூளோடு குலுக்கும்போது அது மாவைவிட நுண்ணிய தூசியாகிறது. மூடியைத் திறந்து தூளைச் சலிக்கும் வேளையில் எழும் புழுதியை, வீட்டில் நிரப்புகிறவர்களின் ஈய ஆபத்துகளில் முதன்மையானவற்றுள் ஒன்றாக எண்ணுகிறார்கள். குண்டின் தோல் செம்பாக இருந்தாலும் பொன்னாக இருந்தாலும் அந்தத் தூசிக்குச் சம்பந்தமில்லை. ஈயத்தை இரம்பத்தால் அறுக்காதே என்றதற்கும் காரணம் தூசிதான். கட்டியாக இருக்கும் ஈயத்தைத் தொட்டுக் கைகழுவலாம். தூசியான ஈயம் தரையில், காலணியில், துவைத்த துணியில் குடியேறும். தரையில் தவழ்ந்து விரல் சூப்பும் வயதுதான் அதற்கு மிகப் பிடித்த வயது. குழந்தையின் குடல் பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு எளிதாக ஈயத்தை உறிஞ்சும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற அளவைக் கவனிக்கத் தொடங்க வேண்டிய எல்லையாக 2021இல் வைத்தது. அதற்குமுன் அது 5.

இதை எழுதி அனுப்பியபின் நான்கு நாள் பதில் இல்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அவன் மனைவி எழுதினார். "அண்ணா, பாப்பாவுக்கு டெஸ்ட் எடுத்தோம். 4.2" என்று மட்டும்.

ஓர் எண்ணை வைத்துக்கொண்டு காரணத்தை நிறுவ முடியாது. 1978க்குப் பிறகு கட்டிய வீடு என்பதால் சுவர்ப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புக் குறைவு. அவர்கள் ஊரிலிருந்து கொண்டுபோன மஞ்சள்தூளையும் பித்தளைக் குவளைகளையும்கூடச் சோதிக்கச் சொன்னேன். ஈயக் குரோமேட்டுக் கலந்த மஞ்சள் தெற்காசியாவில் அறியப்பட்ட கலப்படம். என்றாலும் அந்த வாரமே குலுக்கும் தொட்டி வீட்டைவிட்டு வெளியேறியது. கூடுகளை இனித் தண்ணீரில், எஃகு ஊசிகளோடு சுழற்றிக் கழுவுவது என்று முடிவு செய்தான். ஈரத்தில் தூசி எழாது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் கேட்டதற்கு இன்னும் தெளிவான பதில் வரவில்லை. துவைக்கும் இயந்திரத்தை உள்ளே மாற்ற முடியாததால், நிரப்பும் மேசையே நண்பர் ஒருவரின் பட்டறைக்குப் போகிறது. இரத்தத்தில் ஈயம் வாரக்கணக்கில் குறையும். எலும்பில் சேர்ந்தது ஆண்டுக்கணக்கில் இருக்கும். அடுத்த பரிசோதனை ஜனவரியில்.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று சிலர் எண்ணக்கூடும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவை மட்டுமல்ல, அதன் பாகங்களையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் வெடிபொருள் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. உரிமமின்றிச் செய்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழாண்டு, ஆயுள்வரை போகலாம். அந்தக் கடுமையைப் பற்றி எனக்குக் குறையில்லை. வீடுதோறும் துப்பாக்கி இருக்கும் சமூகத்தின் விலையை நண்பனின் ஊர்ச் செய்தித்தாளே மாதந்தோறும் சொல்கிறது. ஆனால் சட்டம் இருக்கும் இடத்தில் செயல் இல்லை என்று பொருளாகாது. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைப் பக்கத்திலிருந்து அவ்வப்போது வரும் செய்தியைப் பாருங்கள்: நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல். குழல்வாய் வழியே நிரப்பும் அந்தத் துப்பாக்கிக்கு ஒவ்வொரு வேட்டும் வீட்டில் நிரப்பியதுதான். அடுப்பில் ஈயம் உருக்குகிறவனின் குடிசையில் இரத்தப் பரிசோதனை எடுத்தவர்கள் எத்தனை பேர்? வழக்குக் கோப்பில் துப்பாக்கியின் நீளம் இருக்கும். அடுப்பருகே உறங்கிய குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இராது. இது யாராவது எடுத்துச் செய்ய வேண்டிய ஆய்வு. பொதுச் சுகாதாரத் துறை மாணவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் தலைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு உட்பட்ட ஈயமும் நம்மிடையே நிறைய இருக்கிறது. ஐதராபாத் துப்பாக்கிச் சுடுதலுக்குப் பெயர்பெற்ற நகரம். சென்னையில் பிறந்து இங்கே வளர்ந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் வெண்கலம் வென்றார். அதற்குப்பின் பயிற்சி நிலையங்கள் பெருகின. காற்றுத் துப்பாக்கியில் மருந்து இல்லை, பிரைமர் இல்லை. குண்டு உண்டு: 4.5 மில்லிமீட்டர், அரைக் கிராமுக்குச் சற்று மேல். விதிப்படி அது ஈயமோ அதைப்போன்ற மென்பொருளோ ஆக இருக்கலாம். போட்டியாளர்கள் விரும்புவது பூச்சில்லாத ஈயத்தையே. மென்மையான ஈயம் சுருள்பள்ளத்தை நன்றாகப் பற்றும், அடி ஒரே இடத்தில் விழும். ஒரு டப்பா நன்றாக அடித்தால் அதே தொகுதி எண்ணைத் தேடி வாங்குவார்கள். மேலே சொன்ன அதே ஹெச் அண்ட் என் நிறுவனத்தின் டப்பாக்களை இங்கும் பார்க்கலாம். விற்பவரைத் தேர்வதில் இவர்கள் காட்டும் நுணுக்கம் எந்த வேதியியல் ஆய்வகக் கொள்முதலிலும் நான் காணாதது.

எங்கள் ஆய்வகத்தில் முதுகலைத் திட்டவேலை செய்யும் மாணவி ஒருத்தி அப்படிப் பயிற்சி பெறுகிறாள். காலை ஐந்தரைக்குச் சுடுதளம், ஒன்பதரைக்கு ஆய்வகம். அறுபது வேட்டுக்கு அறுபது முறை அந்தச் சாம்பல்நிறக் குண்டு விரலுக்கும் குழலுக்கும் போய் வருகிறது. கை ஓயாத வேளையில் அடுத்த குண்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம் அவளோடு பயிலும் சிறுவர்களிடம் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர்களில் சிலருக்குப் பத்து வயது. யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லவில்லையா என்றேன். மூச்சை எப்படி அடக்க வேண்டும், விசையை எப்படி அழுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன திங்களன்று செம்புக் கரைசலின் செறிவை அளக்கும் வேலையை ஒத்திவைத்துவிட்டு, இருவரும் ஈரப்பஞ்சால் அவள் டப்பாவின் மூடி, துப்பாக்கிப் பையின் கைப்பிடி, கைப்பேசி, சாப்பாட்டுப் பையின் பற்றி ஆகியவற்றைத் துடைத்து மாதிரி எடுத்தோம். அமிலத்தில் கரைத்து அணு உறிஞ்சல் கருவிக்கு அனுப்பியிருக்கிறோம்; வரிசையில் எங்கள் முறை வியாழக்கிழமை. அதுவரைக்கும், சுடுதளத்திலிருந்து வந்ததும் முதலில் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும், பிறகுதான் டிபன் டப்பா என்று வைத்திருக்கிறோம். அந்தச் சிறுவர்களுக்கு என்று தெலுங்கில் ஒரு பக்கத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறாள். உதட்டில் கவ்வாதே என்பது முதல் வரி.